சென்னைக்குப் புதிதா? எங்கே ஆடலாம், எதைப் பார்க்கலாம்

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து இறங்குகிறவர்களில் பலர் முதலில் தேடுவது சேப்பாக்கம் ஐபிஎல் டிக்கெட்டை. பெரும்பாலும் கிடைக்காது, கிடைத்தாலும் விலை தலையைச் சுற்றும். இந்த ஊரில் விளையாட்டு என்றால் இவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மாலில் கழிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே ஏதோ ஒரு ஆட்டம் தினமும் நடந்துகொண்டிருக்கும், அது கண்ணிலேயே படாது. ஆட நினைக்கிறவர்களுக்கு வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், பார்க்க நினைக்கிறவர்களுக்கு அப்புறம்.

1. உங்கள் ஏரியாவில் என்ன ஆட்டம் என்று பாருங்கள்

சென்னையில் ஆட்டம் ஏரியாவுக்கு ஏரியா மாறும். வடசென்னை என்றால் கால்பந்து, குத்துச்சண்டை, கேரம். துறைமுகம், ரயில்வே, மில் என்று தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. வெள்ளைக்காரர்கள் ஆடியதைப் பார்த்துப் பழகிய கால்பந்தும் குத்துச்சண்டையும் அங்கே ஊர் ஆட்டமாகவே ஆகிவிட்டன. குத்துச்சண்டையில் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று குருவழி பார்த்து மோதிய காலம் உண்டு. 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்து, அன்றைய நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அதை நேரில் பார்த்த பெரியவர் ஒருவராவது ராயபுரம் பக்கம் டீக்கடையில் சிக்குவார். சிக்கினால் உட்கார்ந்து கேளுங்கள், நேரம் வீணாகாது.

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வீடு எடுத்திருந்தால் கால்பந்துக்கு வேறு எங்கும் போக வேண்டாம். அங்கே பையன்களும் பெண்பிள்ளைகளும் வெறுங்காலோடு ஆடும் வேகத்துக்கு, வாரம் ஒரு முறை வாடகை டர்ஃபில் (செயற்கைப்புல் திடலில்) ஓடுகிற நாம் ஈடுகொடுக்க முடியாது. மீனவக் குப்பங்களில் மாலையானால் மணலில் வாலிபால் வலை கட்டியிருக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம் முழுக்க கிரிக்கெட். கண்ணகி நகரில் கபடி. பஹ்ரைனில் 2025-இல் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா அந்த நகர்ப் பெண்தான். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் ஐடி ஆட்களுக்காகவே முளைத்த டர்ஃப்கள். அண்ணா நகர், முகப்பேர் பக்கம் ஷட்டில் கோர்ட்டும் செஸ் வகுப்பும்.

கோடு போட்டுப் பிரித்த கணக்கு இல்லை இது. எல்லா இடத்திலும் எல்லாமும் உண்டு. ஆனால் உங்கள் ஏரியாவின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டால் ஆள் கிடைப்பது சுலபம்.

2. காலை 6 மணிக்கு மைதானத்தில் போய் நில்லுங்கள்

சென்னையில் வெயிலைக் கேட்டுத்தான் விளையாட வேண்டும். காலை 6 முதல் 8.30 வரை, மாலை 4.30-க்கு மேல் இருட்டும் வரை. மதியத்துக்குப் பிறகு கடற்காற்று வீச ஆரம்பிக்கும், அதனால் கடலோர ஏரியாக்களில் மாலை ஆட்டம் உள்ளே தள்ளி இருக்கும் ஏரியாக்களைவிடச் சுகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பையன்கள் வெயிலையே மதிப்பதில்லை.

உங்களுக்கு அருகில் இருக்கும் மாநகராட்சித் திடலைக் கண்டுபிடியுங்கள். தி.நகர்க்காரர்களுக்கு சோமசுந்தரம் மைதானம், திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு மெரினா. ஞாயிறு காலை சோமசுந்தரம் மைதானத்தைப் பார்த்தால் முதலில் ஒன்றும் புரியாது. ஒரே திடலில் பல மேட்ச்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கும். உங்கள் அணியின் கவர் ஃபீல்டர் நிற்கும் இடத்திலேயே இன்னொரு மேட்சின் லாங் ஆன் ஆள் முதுகைக் காட்டி நிற்பார். எங்கிருந்தோ "பால்... பால்..." என்று கத்தினால் யாருடைய பந்து என்று பார்க்காமல் முதலில் குனிய வேண்டும். பந்து எந்த மேட்சுடையது என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

எப்படிச் சேர்வது? ஓரமாக நின்று ஒரு ஓவர் பாருங்கள். ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் "ஆள் வேணுமா ப்ரோ?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "ஃபீல்டிங் நில்லுங்க" என்று பதில் வரும். முதல் நாள் நிற்க வைப்பது வெயில் நேராக முகத்தில் அடிக்கும் மூலையில்தான், முகம் சுளிக்காதீர்கள். ஓடி ஓடிப் பந்தை எடுத்துப் போடுகிறவரை அடுத்த வாரம் அவர்களே கூப்பிடுவார்கள். ஆள் எண்ணிக்கை சரியாக வராவிட்டால் உங்களைக் 'காமன்' ஆக்குவார்கள், அதாவது இரண்டு அணிக்கும் பேட்டிங் பிடிக்கலாம். புது ஆளுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை. பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். "ஒயிட் டீ-ஷர்ட் அண்ணா, கொஞ்சம் பின்னால போங்க" என்பதுதான் சில வாரங்களுக்கு உங்கள் பெயர்.

சட்டங்களைக் களத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு திடலுக்கும் வேறு வேறு. சுவரைத் தாண்டி வீட்டுக்குள் போனால் அவுட்டா, சிக்ஸரா? ஒன் பிட்ச் கேட்ச் உண்டா? கடைசி ஆள் தனியாக ஆடலாமா? முதல் பந்து டிரையலா? பேட்டிங் வரிசைக்கு இன்னும் அதே பழைய முறைதான்: மண்ணில் கோடுகள் கிழித்து, அடியில் நம்பர் எழுதி, அதன்மேல் பேட்டை வைத்து மறைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு கோட்டைத் தொட வேண்டும், உங்கள் கோட்டில் வந்த நம்பர்தான் உங்கள் இடம். ஒரு எச்சரிக்கை: ஆறு ஓவர் மேட்சில் அடிக்காமல் டொக்கு வைத்து (பந்தைத் தடுத்து மட்டும்) நின்றால் உங்கள் அணியே உங்களைத் திட்டும்.

பந்துக் காசு எல்லோரும் பங்கு போட்டுக் கொடுப்பது. கேட்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள். பழகிய பிறகு "சண்டே பெட் மேட்ச் இருக்கு" என்பார்கள். இரண்டு அணியும் பணம் கட்டி, ஜெயித்த அணி எடுத்துக்கொள்ளும் மேட்ச் அது. சண்டைகள் அங்கேதான் வரும். என்னைக் கேட்டால், ஆட்களை நன்றாகத் தெரியும் வரை வேடிக்கை மட்டும் பார்க்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தத் திடல் கிரிக்கெட் பெரும்பாலும் ஆண்களின் உலகம். தனியாகப் போகிற பெண்ணுக்கு அதே வரவேற்பு கிடைக்காது. ஷட்டில் கோர்ட், ஓட்டக் குழு, நீச்சல், கூடைப்பந்து, வடசென்னைக் கால்பந்து ஆகியவற்றில் நிலைமை எவ்வளவோ தேவலை. குறிப்பாக ஓட்டக் குழுக்கள்: ஏரியா வாரியாக விடியற்காலையில் கூடி ஓடுகிறார்கள், புதிதாக வருகிறவர்களை மெதுவாக ஓடும் கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பல மாதங்கள் முன்பே இவர்கள் பயிற்சியைத் தொடங்கிவிடுவதால், மழைக்காலத்துக்கு முன் சேர்ந்துகொள்வது நல்லது.

3. காசு கொடுத்து ஆடுவதானால்

டர்ஃப் என்றால் செயற்கைப்புல் போட்டு வலை கட்டிய சிறு மைதானம். மொட்டை மாடியில்கூட உண்டு. மணிக்கணக்கில் வாடகை. வார இறுதி இரவுகளில் விலை ஏறும், வார நாள் பகலில் குறையும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தலைக்கு ஒரு பிரியாணி விலைகூட வராது. ஆள் இல்லையென்றால் அந்த டர்ஃபின் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். "இன்று இரவு இரண்டு பேர் குறைகிறார்கள்" என்று செய்தி வந்துகொண்டே இருக்கும்.

அரசுத் தரப்பில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வளாகங்கள் இருக்கின்றன: பெரியமேடு நேரு ஸ்டேடியம், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம், வேளச்சேரி நீச்சல் வளாகம். தனியாரைவிடக் கட்டணம் குறைவு, பயிற்சியாளர்களும் இருப்பார்கள். நேரில் போய் அலுவலகத்தில் விசாரிப்பதே மேல், போனில் கேட்டால் சுற்றி வளைப்பார்கள். மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளமும் மலிவு, ஆனால் கோடை விடுமுறையில் கூட்டம் தாங்காது.

மாநகராட்சியின் செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டுக் கட்டணம் வசூலிக்கலாம் என்று 2025-இல் ஒரு தீர்மானம் வந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது. திடல் யாருடையது என்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு ரோஷம். நீங்களும் அங்கே ஆடப் போனால், தினமும் பயிற்சி செய்யும் பிள்ளைகளின் நேரத்தில் போய் இடம் கேட்காதீர்கள்.

ஷட்டிலுக்கு நான்-மார்க்கிங் ஷூ கட்டாயம், இல்லையென்றால் கோர்ட்டுக்குள் விடமாட்டார்கள். இறகு ஷட்டில் செலவைப் பங்கு போடுவார்கள். மட்டை, பந்து, வலை, ஜெர்சி வாங்க நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேடு, சேப்பாக்கத்தை ஒட்டிய வாலாஜா சாலை இரண்டையும் பாருங்கள். ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தாலே பேரம் பாதி முடிந்துவிடும்.

4. லீக்கில் ஆடும் அளவுக்குத் திறமை இருந்தால்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் பல டிவிஷன்களாக நடக்கிறது. மேல் டிவிஷனில் கம்பெனிகள் நடத்தும் அணிகள், அங்கே உள்ளே நுழைவது லேசு இல்லை. கீழ் டிவிஷன் கிளப்கள் சீசன் தொடங்கும் முன் ஆள் எடுப்பார்கள். உங்கள் ஏரியாவில் நெட்ஸ் (வலைப் பயிற்சி) நடத்தும் பயிற்சியாளரிடம் பந்து போட்டுக் காட்டுவதுதான் வழி. சென்னையில் சுழற்பந்து வீச்சாளர்களுக்குப் பஞ்சம் கிடையாது, இடக்கை வேகப்பந்து வீசத் தெரிந்தால் கொஞ்சம் வேகமாகவே கதவு திறக்கும்.

மற்ற ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. மாணவர், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி, பொதுமக்கள் என்று தனித்தனிப் பிரிவு. பொதுமக்கள் பிரிவில் பெயர் கொடுக்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

5. இலவசமாகப் பார்க்க

சேப்பாக்கத்துக்குப் போகும் முன் ஒரு முதல் டிவிஷன் லீக் மேட்ச் பாருங்கள். வேளச்சேரி குருநானக் கல்லூரி மைதானம் மாதிரி இடங்களில் நடக்கும். டிக்கெட் கிடையாது, மரத்தடியில் உட்காரலாம். தேசிய அணி வேலை இல்லாத நாட்களில் பெரிய வீரர்களே வந்து ஆடுவதுண்டு. பத்தடி தூரத்தில் அவர்கள் பேட்டிலிருந்து எழும் சத்தம் டிவியில் கேட்பது மாதிரி இருக்காது. பந்து வீச்சாளர் தனக்குத்தானே திட்டிக்கொள்வதும் கேட்கும்.

எழும்பூரில் உள்ளூர் ஹாக்கி ஆட்டங்கள் நடக்கும் நாட்களில் உள்ளே போய்ப் பார்க்கலாம். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பின்தங்கியிருந்த இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது இங்கேதான். நேரு ஸ்டேடியத்தில் 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணி ஆடும்போது டிக்கெட் வாங்க வேண்டும், ஆனால் ஐபிஎல் மாதிரி அடிதடி இல்லை. 2015-இலும் 2017-18-இலும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற அணி அது. மேளத்தோடு வரும் ரசிகர் கூட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் சுமாராக இருந்தாலும் பொழுது போகும்.

6. சேப்பாக்கத்துக்குப் போவது எப்படி

ஐபிஎல் டிக்கெட் ஆன்லைனில் நிமிடங்களில் தீரும். கணக்கைத் திறந்து, பணம் கட்டும் விவரங்களை முன்பே பதிந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி பிளாக்கில் விற்பவரிடம் ஏமாந்தவர்கள் ஒவ்வொரு சீசனிலும் வாலாஜா சாலையில் நிற்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த மைதானத்தின் குணம் தெரிய வேண்டுமானால் டெஸ்ட் மேட்சுக்குப் போக வேண்டும். டிக்கெட்டும் சுலபமாகக் கிடைக்கும். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-இல் இங்கே நடந்தது, சென்னை அணி மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி 1952-இல் இங்கிலாந்துக்கு எதிராக இங்கே. 1986-இல் ஆஸ்திரேலியாவோடு 'டை' ஆன டெஸ்ட்டும் இங்கே. 2024-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பெண்கள் டெஸ்ட்டில் ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடிக்க, இந்தியா 603 ரன் குவித்ததும் இதே களத்தில்தான்.

சேப்பாக்கத்துக்கென்று ஒரு மரியாதை உண்டு: எதிரணி நன்றாக ஆடினாலும் கைதட்ட வேண்டும். 1999-இல் பாகிஸ்தான் 12 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தபோது, சச்சினின் 136 வீணான வலியோடும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து நன்றி சொன்னது. மஞ்சள் சட்டையும் விசிலுமான ஐபிஎல் கூட்டம் வேறு ரகம் என்று பழைய ரசிகர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த விசிலும் பிடிக்கும், காதில் பஞ்சு மட்டும் வைத்துக்கொண்டு போவேன்.

போக்குவரத்துக்குப் பறக்கும் ரயில்தான் சரி, சேப்பாக்கம் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். காரில் போகாதீர்கள், பெல்ஸ் ரோடு பக்கம் நிறுத்த இடம் கிடைக்காது. பவர் பேங்க், பை, தண்ணீர் பாட்டில் எதையும் வாசலில் விடமாட்டார்கள், கைக்குட்டையும் டிக்கெட்டும் போதும். பகல் ஆட்டமானால் மேற்குப் பக்க ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள், மாலை வெயில் முதுகுப் பக்கம் போய்விடும்.

7. கேரமும் செஸ்ஸும்

வடசென்னைத் தெருவில் இரவு நடந்தால், மன்றத்து வாசலில் தாழத் தொங்கும் பல்பின் கீழே ஒரு போர்டும் சுற்றிலும் பத்துப் பேரும் தென்படுவார்கள். கேரமில் இரண்டு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், கேரமுக்காக 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமாவும் வடசென்னைதான். ஆகவே அந்தப் பத்துப் பேரில் யாரையும் லேசாக எடைபோட வேண்டாம்.

நடைமுறை எளிது. "அடுத்த போர்டு யாருது?" என்று கேட்டு வரிசையில் இருங்கள். தோற்ற ஜோடி எழுந்துவிடும். போர்டு விளிம்பில் கை ஊன்றாதீர்கள், பவுடரை நீங்களாக அள்ளிப் போடாதீர்கள், அதற்கென்று ஒருவர் இருப்பார். பார்க்கும்போது "அந்தக் காயினை அடி" என்று யோசனை சொல்வது மகாபாவம்.

செஸ் கதை எல்லோருக்கும் தெரியும்: 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988-இல் முதல் கிராண்ட் மாஸ்டரான ஆனந்த், 2024-இல் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ். ஆரோன் நடத்திய தால் செஸ் கிளப், அன்றைய சோவியத் கலாசார மையத்தில் இயங்கியது. சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகியது அங்கேதான். 2022 செஸ் ஒலிம்பியாட்டை மாமல்லபுரத்தில் நடத்தியபோது நேப்பியர் பாலத்துக்கே சதுரங்கக் கட்டம் போட்டு வண்ணம் பூசினார்கள்.

பெரியவர்கள் ஆட விரும்பினால் வார இறுதி ரேபிட் (குறைந்த நேர ஆட்ட) போட்டிகளில் கட்டணம் கட்டிச் சேரலாம், பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி அரங்கில் நடக்கும். எதிரே வந்து உட்காருகிறவருக்கு ஒன்பது வயது இருக்கும், கால் தரையைத் தொடாது, உங்களை இருபது நகர்த்தலில் முடித்துவிட்டு அம்மாவிடம் ஓடிவிடுவார். மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். உங்கள் பிள்ளையைச் சேர்ப்பதானால் முதல் ஒரு வருடத்துக்கு வீட்டருகே உள்ள வகுப்பே போதும். "கிராண்ட் மாஸ்டர் ஆக்கிவிடுவோம்" என்று மொத்த வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்கும் இடத்தைத் தவிர்த்துவிட்டு, மாதாமாதம் கட்டுகிற இடமாகப் பாருங்கள்.

8. மற்றவை, சுருக்கமாக

அலைச்சறுக்கு வேண்டுமென்றால் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) கோவளம், அங்கே கற்றுத்தருகிறவர்களில் பலர் மீனவ இளைஞர்கள். நீச்சல் தெரியாமல் போகாதீர்கள். கார், பைக் பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம். ஸ்குவாஷில் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் இந்த ஊர்க்காரர்கள், 2025 உலகக் கோப்பை ஒரு மாலுக்குள் கண்ணாடிக் கோர்ட் வைத்து நடந்தது, இந்தியா ஜெயித்தது.

9. மழைக்கும் பொங்கலுக்கும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. திடல்களில் தண்ணீர் நிற்கும், மெரினாவில் கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்காதீர்கள். டர்ஃப் முன்பணம் கட்டும்போது மழை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டிலுக்கும் கேரமுக்கும் இதுதான் சீசன்.

பொங்கல் வந்தால் தெருவுக்குத் தெரு விளையாட்டுப் போட்டி. சாலையை மறித்து ஸ்பீக்கர் கட்டி, உறியடி, ஸ்லோ சைக்கிள், எலுமிச்சை ஸ்பூன், மியூசிக்கல் சேர், கயிறு இழுத்தல் எல்லாம் நடக்கும். சில நாட்கள் முன்பே இளைஞர் மன்றத்து ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக வருவார்கள். நன்கொடை கொடுக்கும்போதே போட்டிக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள். வாடகைக்கு வந்தவர், சொந்த வீட்டுக்காரர் என்று யாரும் பார்ப்பதில்லை, அதுவும் கயிறு இழுக்க நல்ல கனமான ஆள் எப்போதும் தேவைப்படும்.